உள்பக்கத்துச் சந்தேகங்கள்: இராக் போருக்கு முன் அமெரிக்கச் செய்தி நடந்த விதம்

விட்டம் 81 மில்லிமீட்டர், நீளம் 900 மில்லிமீட்டர், சுவரின் தடிமன் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 7075-டி6 என்ற வலுவான அலுமினியக் கலவையில் செய்த குழாய்கள். 2001இல் இராக் இவற்றை வாங்க முயன்றபோது ஒரு தொகுதி ஜோர்டானில் பிடிபட்டது. அணுகுண்டுக்கான யுரேனியத்தைச் சுழற்றிச் செறிவூட்டும் சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்துக்குத்தான் இவை என்றது சிஐஏ. சென்ட்ரிஃபியூஜ் கட்டுவதையே தொழிலாகக் கொண்ட அமெரிக்க எரிசக்தித் துறை நிபுணர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சுவர் தடிமனாக இருக்கிறது, குழாய் குறுகலாக இருக்கிறது, மேற்பூச்சைச் சுரண்டியெடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அந்த அளவுகள் இராக் ஏற்கெனவே வைத்திருந்த 81 மி.மீ. பீரங்கி ராக்கெட்டின் உடலோடு அச்சாகப் பொருந்தின. அதையும் சொன்னார்கள். 2001லேயே சொல்லிவிட்டார்கள்.

ஒரு வருடம் கழித்து, 2002 செப்டம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை, இந்தக் குழாய் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்துக்கு வந்தது. அணுகுண்டுக்கான பாகங்களைச் சதாம் உசேன் தீவிரமாகத் தேடுகிறார் என்று அமெரிக்கா சொல்வதாகத் தலைப்பு. சொன்னவர்கள் பெயர் குறிப்பிடாத அதிகாரிகள். நம் பத்திரிகை மொழியில் ‘வட்டாரங்கள்’. அன்று காலையே துணை அதிபர் டிக் செனி என்பிசி நேர்காணலில் உட்கார்ந்து, ரகசியத் தகவலைப் பற்றி நான் பேசக்கூடாது, ஆனால் இன்றைய டைம்ஸில் வந்துவிட்டதே என்ற தொனியில் குழாய்க் கதையை எடுத்துவைத்தார். சிஎன்என்னில் பாதுகாப்பு ஆலோசகர் கண்டலீசா ரைஸ், இவை அணு ஆயுதத் திட்டத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று சொல்லி, உறுதியான ஆதாரத்துக்காகக் காத்திருந்தால் அது அணுகுண்டு வெடித்தெழும் காளான் மேகமாக வந்து நிற்கும் என்று எச்சரித்தார். அந்தக் காளான் மேகமும் அன்றைய டைம்ஸ் செய்தியில் ஏற்கெனவே இருந்தது. வெளியுறவு அமைச்சர் கோலின் பவல் ஃபாக்ஸில், பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் சிபிஎஸ்ஸில். ஒரே காலை, நான்கு சேனல்.

முதல்நாள் அதே பத்திரிகையில் வெள்ளை மாளிகைத் தலைமை அலுவலர் ஆண்ட்ரூ கார்டின் விளக்கமும் வந்திருந்தது. இராக் பற்றிய பிரசாரத்தை ஏன் செப்டம்பர் வரை தள்ளிவைத்தீர்கள் என்ற கேள்விக்கு, வியாபாரக் கணக்கில் பார்த்தால் புதுச் சரக்கை யாரும் ஆகஸ்டில் சந்தைக்குக் கொண்டுவர மாட்டார்கள் என்று சாவதானமாகச் சொல்லியிருந்தார். ஒளிவு மறைவே இல்லை.

இங்கே நடந்த சுற்றைக் கவனியுங்கள். அரசு அதிகாரி பெயர் சொல்லாமல் செய்தியாளரிடம் ஒரு தகவலைத் தருகிறார். பத்திரிகை அதைத் தன் பெயரில் அச்சிடுகிறது. அரசின் மேல்மட்டம் அந்தப் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு டிவிக்கு வருகிறது. மறுநாள் மற்ற பத்திரிகைகள் ‘துணை அதிபர் கூறினார்’ என்று எழுதுகின்றன. இப்போது வாசகரின் கணக்கில் மூன்று சாட்சிகள்: டைம்ஸ், துணை அதிபர், மற்ற பத்திரிகைகள். உண்மையில் இருப்பது ஒரே ஒரு ஊற்று. இத்தனைக்கும் யாரும் பொய் எழுதவில்லை. அதிகாரிகள் அப்படிச் சொன்னார்கள் என்பது நிஜம்தான். போர்க்காலச் செய்தியில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி இந்த வகை: ஒவ்வொரு வரியும் சரி, மொத்தம் தப்பு.

மறுப்பு வரவில்லையா? வந்தது. எங்கே வந்தது என்பதில்தான் விஷயம். டைம்ஸின் அந்த 3,600 சொல் செய்தியிலேயே, குழாய் அணுவுக்குத்தான் என்பது நிச்சயமில்லை என்ற குறிப்பு இருந்தது, 1,700 சொற்களைத் தாண்டியபின். ஐந்து நாள் கழித்து நிபுணர்களுக்குள் சர்ச்சை இருப்பதும் அச்சானது: 13ஆம் பக்கத்தில், தலைப்பைப் பார்த்தால் எதுவும் புரியாத ஒரு செய்தியின் அடிவயிற்றில். செப்டம்பர் 19 அன்று வாஷிங்டன் போஸ்ட் இந்தச் சந்தேகத்தைத் தனிச்செய்தியாகவே போட்டது, 18ஆம் பக்கத்தில். 2003 ஜனவரியில் சர்வதேச அணுசக்தி முகமை குழாய் விவகாரத்தில் அமெரிக்க வாதத்தை மறுத்தபோது டைம்ஸில் அதற்குக் கிடைத்தது 10ஆம் பக்கம். முழுப் பூசணிக்காயை யாரும் சோற்றில் மறைக்கவில்லை. இலையின் ஓரத்தில், கண்ணுக்கு எட்டாத இடத்தில் வைத்துப் பரிமாறினார்கள்.

முதல் பக்கத்தைத் தீர்மானிப்பது எப்படி என்று தெரிந்தால் இதில் சதி தேடத் தேவையிருக்காது. மாலை ஆசிரியர் கூட்டத்தில் ஒவ்வொரு டெஸ்க்கும் தன் செய்தியை ஒரு வரியில் விற்க வேண்டும். ‘அதிபர் எச்சரிக்கை’ என்பதற்கு விளக்கம் தேவையில்லை. சொன்னவரின் நாற்காலியே அதைச் செய்தியாக்கிவிடுகிறது. ‘டென்னசியில் எரிசக்தித் துறைப் பொறியாளர் ஒருவர் குழாயின் தடிமன் பொருந்தவில்லை என்கிறார், ஆனால் பெயர் போடக்கூடாதாம்’ என்பதை விற்க நாலு நிமிடம் வேண்டும், அந்த நாலு நிமிடம் கிடைக்காது. அரசு சொல்வதில் தேதி இருக்கிறது, மேடை இருக்கிறது, படம் இருக்கிறது. சந்தேகத்துக்கு இவை எதுவும் கிடையாது. போஸ்ட் பத்திரிகையின் ஊடகச் செய்தியாளரே பிறகு கணக்கெடுத்தார்: 2002 ஆகஸ்டிலிருந்து போர் தொடங்கிய 2003 மார்ச் 19 வரை, இராக்குக்கு எதிரான அரசின் பேச்சை மையமாகக் கொண்ட முதல் பக்கச் செய்திகள் 140க்கு மேல். அதே பத்திரிகையில், தடைசெய்யப்பட்ட ஆயுதங்கள் எங்கே இருக்கின்றன என்ற திட்டவட்டமான தகவல் உளவுத்துறையிடம் இல்லை என்று வால்டர் பின்கஸ் எழுதியது மார்ச் 16இல், போருக்கு மூன்று நாள் முன், 17ஆம் பக்கத்தில் வந்தது. அதையும் பத்திரிகைக்குள் நுழைக்க அங்கிருந்த மூத்த செய்தியாளர் பாப் வுட்வர்ட் பரிந்துபேச வேண்டியிருந்தது.

இதற்குப் பின்னால் இன்னொரு விதி இருக்கிறது. அரசியல் அறிஞர் லான்ஸ் பென்னட் 1990இல் அதை வகுத்துச் சொன்னார்: அதிகாரத்தில் இருப்பவர்களிடையே எவ்வளவு கருத்து வேறுபாடு உண்டோ, ஏறக்குறைய அவ்வளவுதான் செய்தியிலும் இருக்கும். நடுநிலை என்பதைச் செய்தியாளர் ‘இரு தரப்பு’ என்று புரிந்துகொள்கிறார். எதிர்த்தரப்பு என்று மேற்கோள் காட்ட, பதவியில் இருக்கும் ஓர் ஆள் வேண்டும். 2002 அக்டோபரில் அந்த ஆள் காணாமல் போனார். போருக்கு அதிகாரமளிக்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 296-133, செனட்டில் 77-23 என்று நிறைவேறியது. செனட்டில் அப்போது பெரும்பான்மை எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் கையில். அங்கே அக்கட்சியின் தலைவர் டாம் டாஷ்லும், பிரதிநிதிகள் சபையில் அக்கட்சியின் தலைவர் ரிச்சர்ட் கெப்ஹார்ட்டும் ஆதரவாகவே வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் 156 பேர் இருந்தும், ‘எதிர்க்கட்சி மறுப்பு’ என்று தலைப்பு வைக்க வழியில்லை. அன்றிலிருந்து போரை எதிர்ப்பது அரசியல் நிலைப்பாடாக இல்லாமல் தெருவில் கோஷம் போடுபவர்களின் குணமாகச் செய்தியில் மாறிப்போனது.

தொலைக்காட்சியில் இது எண்ணிக்கையாகவே கிடைக்கிறது. ஊடகக் கண்காணிப்பு அமைப்பான ஃபேர், 2003 ஜனவரி 30 முதல் பிப்ரவரி 12 வரை, அதாவது ஐ.நா.வில் இராக்குக்கு எதிராகப் பவல் பேசிய பிப்ரவரி 5க்கு முன்னும் பின்னும் ஒரு வாரம், ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, பிபிஎஸ் ஆகியவற்றின் மாலைச் செய்திகளில் இராக் பற்றித் திரையில் பேசியவர்களை எண்ணியது. மொத்தம் 393 பேர். அவர்களில் அமெரிக்கர்கள் 267. அந்த 267 பேரில் நாலில் மூன்று பங்கு இந்நாள் அல்லது முன்னாள் அதிகாரிகள். போர் எதிர்ப்பு அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் 393இல் மூன்று பேர். அதே நாட்களில் அமெரிக்கர்களில் 61 சதவீதம் பேர், ஆயுதச் சோதனைக்கும் பேச்சுவார்த்தைக்கும் இன்னும் அவகாசம் தரலாம் என்று கருத்துக்கணிப்பில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கு அறுபது பேர் அவகாசம் கேட்கும்போது போர் எதிர்ப்பு அமைப்புகளின் குரல் திரையில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாவிட்டால், வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் அந்த அறுபதில் ஒருவர் தன்னைத் தனி ஆள் என்றுதானே நினைப்பார்?

கருத்துக்கணிப்பு என்றதும் ஒரு எச்சரிக்கை. அதுவும் செய்தி தயாரிக்கும் பொருள்தான். ‘சதாமை அகற்ற ராணுவ நடவடிக்கையை ஆதரிக்கிறீர்களா’ என்று கேட்டால் ஆதரவு பெரும்பான்மை. அதே ஆளிடம் ‘நட்பு நாடுகள் வராவிட்டாலும்?’ என்று கேட்டால் ஆதரவு பாதிக்கும் கீழே இறங்கும். தலைப்பில் ஏறியது முதல் கேள்வியின் விடைதான்.

இந்தக் காலத்தில் சரியாக எழுதியவர்களும் உண்டு. நைட் ரிடர் நிறுவனத்தின் வாஷிங்டன் அலுவலகத்தில் ஜொனாதன் லாண்டே, வாரன் ஸ்ட்ரோபெல் என்ற இரு செய்தியாளர்கள், ஜான் வால்காட் என்ற பொறுப்பாசிரியர். டைம்ஸ் செய்திக்கு இரண்டு நாள் முன்பே, உறுதியான ஆதாரம் இல்லாதது குறித்து உயரதிகாரிகளே கவலைப்படுவதாக எழுதினார்கள். அவர்கள் செய்ததில் மாயம் ஒன்றும் இல்லை. அமைச்சர் மட்டத்தில் விருந்துக்கு அழைப்பு வரவில்லை என்பதால் நடுமட்ட நிபுணர்களிடம் போனார்கள்: ராணுவம், உளவுத்துறை, வெளியுறவுத்துறையில் கோப்பைக் கையால் புரட்டுகிறவர்கள். நாற்காலி உயர உயர, ஆள் கொள்கையை விற்கிறார். கீழே இறங்க இறங்க, தகவல் கிடைக்கிறது. ஆனால் நிறுவனத்தின் முப்பதுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் ஒன்றுகூட வாஷிங்டனிலோ நியூயார்க்கிலோ வெளிவரவில்லை. பிலடெல்பியாவிலும் மயாமியிலும் அச்சான சந்தேகம் செனட்டரின் காலை மேசைக்குப் போகவில்லை, டிவி தயாரிப்பாளரின் மேசைக்கும் போகவில்லை. டிவி அன்றைய நிகழ்ச்சியை டைம்ஸையும் போஸ்டையும் பார்த்துத்தான் அமைக்கும். சில நாளிதழ்களுக்கு இருக்கும் உண்மையான பலம் விற்பனையில் இல்லை. மற்ற ஊடகங்களின் டெஸ்க்கில் காலை ஆறு மணிக்கு விரிக்கப்படுவதில் இருக்கிறது.

சொல் செய்த வேலையும் சிறிதல்ல. ‘பேரழிவு ஆயுதங்கள்’ என்ற தொடர் அந்த ஆண்டுகளில்தான் தமிழ்ப் பத்திரிகைகளிலும் நிலைபெற்றது; ஏஜென்சிச் செய்தியை மொழிபெயர்த்த கை அந்தப் பொட்டலத்தையும் பிரிக்காமல் எடுத்துவந்தது. பொட்டலத்துக்குள் இருப்பவை மூன்று வேறு பொருட்கள்: ரசாயன ஆயுதம், கிருமி ஆயுதம், அணுகுண்டு. 1988இல் ஹலப்ஜாவில் குர்து மக்கள் மேல் இராக் ரசாயன ஆயுதம் வீசியது உலகறிந்த உண்மை. அதனால் ‘சதாமிடம் பேரழிவு ஆயுதம் இருக்கும்’ என்பது யாருக்கும் நம்பக்கூடியதாகவே இருந்தது. ஆனால் பழைய கடுகுவாயு ஷெல் ஒன்று வாஷிங்டனை எட்டாது. மக்களைப் பயமுறுத்தியது அணுகுண்டு. ஆதாரம் ஏதாவது இருந்தது என்றால் அது ரசாயன ஆயுதத்துக்கு, அதுவும் பழங்கதை. ஒரே சொல்லில் இரண்டையும் கட்டியதும் ஒன்றின் ஆதாரம் மற்றதன் பயத்துக்குச் சாட்சியாகிவிட்டது.

பிரிட்டனில் இதே வித்தை ‘45 நிமிடம்’ என்ற எண்ணில் நடந்தது. 2002 செப்டம்பர் 24 அன்று டோனி பிளேர் அரசு வெளியிட்ட ஆவணம், இராக்கின் சில ரசாயன, கிருமி ஆயுதங்களை உத்தரவு வந்த 45 நிமிடத்தில் பயன்படுத்த முடியும் என்றது. அன்று மாலையே லண்டனின் ஈவ்னிங் ஸ்டாண்டர்டில் தாக்குதலுக்கு 45 நிமிடம் என்று தலைப்பு. மறுநாள் சன் பத்திரிகையில் பிரிட்டிஷ்காரர்களுக்கு அழிவு 45 நிமிடத்தில். உளவுத் தகவல் குறித்தது போர்க்களத்தில் பயன்படும் குறுந்தூர ஆயுதங்களை. தொலைதூர ஏவுகணையை அல்ல. பாதுகாப்பு அமைச்சர் ஜெஃப் ஹூனுக்கு அது தெரியும். பத்திரிகைகள் தவறாக எழுதியபோது ஏன் திருத்தவில்லை என்று பின்னர் நீதிபதி ஹட்டன் நடத்திய விசாரணையில் கேட்டபோது, பத்திரிகைகளைத் திருத்தவைப்பது பலனில்லாத வேலை என்பது தன் அனுபவம் என்ற வகையில் பதில் சொன்னார். தனக்குச் சாதகமாக வந்த தப்பைத் திருத்த எந்த அரசுக்கு அவசரம்?

சொல்லாமலே சொல்வது அடுத்த படி. செப்டம்பர் 11 தாக்குதலைச் சதாம் செய்தார் என்று அதிபர் ஜார்ஜ் புஷ் சொன்னதில்லை. ஆனால் 2003 மார்ச் 6 அன்று, முழுக்க இராக் பற்றிய இரவுநேரச் செய்தியாளர் சந்திப்பில், அந்தத் தேதியை எட்டு முறை குறிப்பிட்டார். இரண்டு பெயர்கள் ஒரே மூச்சில் மாதக்கணக்கில் காதில் விழுந்தால், நடுவிலிருக்கும் கோட்டைக் கேட்பவரே போட்டுக்கொள்வார். 2003 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் எடுத்த கணிப்பில் 69 சதவீத அமெரிக்கர்கள் அந்தத் தாக்குதலில் சதாமுக்கு நேரடிப் பங்கு இருக்கக்கூடும் என்றார்கள். செப்டம்பர் 17 அன்று புஷ்ஷே அப்படி ஆதாரம் எதுவும் இல்லை என்றார். அதற்குள் பாக்தாத் விழுந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

இந்தத் தவறான நம்பிக்கைகளுக்கும் பார்க்கும் சேனலுக்கும் தொடர்பு உண்டா என்பதை மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பீபா என்ற ஆய்வுக்குழு அந்த ஆண்டு அக்டோபரில் வெளியிட்டது. மூன்று தவறுகளை எடுத்துக்கொண்டார்கள்: அல் கைதாவுடன் சதாமின் தொடர்புக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது, பேரழிவு ஆயுதங்கள் கண்டெடுக்கப்பட்டுவிட்டன, உலக மக்களில் பெரும்பாலோர் போரை ஆதரிக்கிறார்கள். மூன்றில் ஒன்றையாவது நம்பியவர்கள் 60 சதவீதம். முக்கியமாக ஃபாக்ஸ் பார்த்தவர்களில் 80, சிபிஎஸ் 71, ஏபிசி 61, சிஎன்என்னிலும் என்பிசியிலும் 55, அச்சிதழ் வாசித்தவர்களில் 47, பொது ஒலிபரப்பான என்பிஆர், பிபிஎஸ் நேயர்களில் 23. ஒரு தவறையும் நம்பாதவர்களில் போரை ஆதரித்தவர்கள் 23 சதவீதம்; ஒன்றை நம்பியவர்களில் 53, இரண்டை நம்பியவர்களில் 78, மூன்றையும் நம்பியவர்களில் 86. படி ஏறுகிற மாதிரி ஏறுகிறது.

போரை விரும்புகிறவர்தான் ஃபாக்ஸ் பார்க்கப் போகிறார், ஃபாக்ஸ் அவரை மாற்றவில்லை என்று வாதிடலாம். நியாயமான கேள்வி. கட்சிச் சார்பைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் நின்றது என்பதும், ஃபாக்ஸைக் கூர்ந்து கவனித்தவர்களிடம் தவறு குறையாமல் சற்றுக் கூடியது என்பதும் ஆய்வின் பதில். விருப்பமும் சேனலும் ஒன்றையொன்று தூக்கிவிட்டன என்று கொள்வதே சரி. எனக்கு இந்தப் பட்டியலில் ஃபாக்ஸின் 80ஐவிட முக்கியமாகப் படுவது அச்சிதழின் 47. கவனமாக எழுதுவதாக நம்பப்பட்ட பத்திரிகைகளை வாசித்தவர்களில்கூடக் கிட்டத்தட்டப் பாதிப்பேர். 18ஆம் பக்கத்தின் விலை அது.

போர் தொடங்கியபின் வேறு தொழில்நுட்பம். 600க்கு மேற்பட்ட செய்தியாளர்கள் படைப்பிரிவுகளோடு இணைத்து அனுப்பப்பட்டார்கள். அதே வண்டி, அதே சாப்பாடு, அதே துப்பாக்கிச் சூடு. தணிக்கை அதிகம் இல்லை, தேவைப்படவில்லை. கேமரா டாங்கியின் மேல் நிற்கும்போது அது டாங்கி பார்க்கும் திசையைத்தான் பார்க்கும். முதல் வாரத்தில் இப்படிப் படையோடு போனவர்கள் அனுப்பிய 108 செய்திகளை ஓர் இதழியல் ஆய்வு மையம் ஆராய்ந்தது. பெரும்பாலானவை தகவல் பிசகில்லாதவை. ஆனால் சுட்ட குண்டு ஒரு மனிதன் மேல் படுவதை ஒரு செய்திகூடக் காட்டவில்லை. புறப்படும் குண்டு தெரிந்தது. போய்ச் சேர்ந்த இடம் தெரியவில்லை.

ஏப்ரல் 9 அன்று பாக்தாதின் ஃபிர்தவ்ஸ் சதுக்கத்தில் சதாம் சிலையை வீழ்த்திய காட்சி இதன் உச்சம். சதுக்கம், வெளிநாட்டுச் செய்தியாளர்கள் தங்கியிருந்த பாலஸ்தீன் ஹோட்டலின் எதிரே. சிலையைச் சாய்த்தது அமெரிக்க மரைன்களின் மீட்பு வண்டி. நெருக்கி எடுத்த படத்தில் ஊரே திரண்டதுபோல் தெரிந்தது; விலகி எடுத்த படத்தில் சதுக்கத்தின் பெரும்பகுதி காலி. அன்று காலை 11 மணி முதல் இரவு 8 வரை ஃபாக்ஸ் அந்தக் காட்சியைச் சராசரியாக 4.4 நிமிடத்துக்கு ஒருமுறையும் சிஎன்என் 7.5 நிமிடத்துக்கு ஒருமுறையும் ஒளிபரப்பின. அதன்பின் வந்த நாட்களில் சண்டைச் செய்திகள் கணிசமாகக் குறைந்தன. நாட்டின் மற்ற பகுதிகளில் சண்டை ஓயவில்லை. கதைக்கு ஒரு முடிவு கிடைத்துவிட்டது, டெஸ்க்குக்கு அது போதும்.

செய்தியாளரை உள்ளே அழைப்பது ஒரு வழி. கதவைச் சாத்துவது இன்னொன்று. தமிழ் வாசகருக்கு அது வன்னியிலிருந்து தெரியும். 2008 செப்டம்பரில் இலங்கை அரசு ஐ.நா. ஊழியர்களையும் தொண்டு நிறுவனங்களையும் வெளியேறச் சொன்னது. சுயாதீனச் செய்தியாளர்களுக்கு அனுமதியில்லை. போருக்கு வைத்த பெயர் ‘மனிதாபிமான நடவடிக்கை’. பாதுகாப்பு வலயத்திலிருந்து தொலைபேசியில் சாவுக்கணக்கு சொன்ன அரசு மருத்துவர்கள் 2009 மே மாதம் கைதாகி, ஜூலையில் கொழும்பில் செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டு, சொன்ன எண்ணிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். 40,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு சொன்னது 2011இல். போர் நடக்கும்போது தென்னிலங்கை வாசகர் கையில் இருந்தது ராணுவப் பேச்சாளரின் கணக்கு மட்டும்.

இவ்வளவு சொன்னபின், ஊடகம் நினைத்தால் போரை நடத்தும், நினைத்தால் நிறுத்தும் என்று யாராவது முடிவுகட்டினால் அதுவும் தப்பு. வியட்நாம் போரைத் தோற்கடித்தது டிவிதான் என்பது அமெரிக்க ராணுவத்தில் நெடுங்காலம் உலவிய நம்பிக்கை. 1968 பிப்ரவரி 27 அன்று சிபிஎஸ் செய்தி வாசிப்பாளர் வால்டர் குரோன்கைட், இந்தப் போர் முட்டுக்கட்டையில் நிற்கிறது என்று சொன்னதும் நாடே மாறியதாகக் கதை. ஆனால் வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறு என்றவர்கள் 47 சதவீதம், தவறில்லை என்றவர்கள் 44 என்று காலப் கணிப்பு காட்டியது 1967 அக்டோபரில். குரோன்கைட் பேசியபோது பாதி நாடு ஏற்கெனவே திரும்பிவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கணக்கு. ஜான் முல்லர் என்ற அறிஞர், டிவி பரவாத கொரியப் போரிலும் சாவு எண்ணிக்கை ஏற ஏற ஆதரவு ஏறக்குறைய இதே விதத்தில் சரிந்ததைக் காட்டினார். வியட்நாம் டிவிச் செய்திகளை ஆராய்ந்த டேனியல் ஹாலின் கண்டது, திரையில் விமர்சனம் கூடியது வாஷிங்டனில் தலைவர்கள் பிளவுபட்ட பிறகுதான் என்பதை. வீட்டுக்கு வரும் சவப்பெட்டியை எந்தத் தலைப்பும் நெடுநாள் மறைக்க முடியாது. அந்தக் கணக்கு தெரிந்ததாலோ என்னவோ, அமெரிக்காவின் டோவர் விமானத் தளத்தில் வந்திறங்கும் சவப்பெட்டிகளைப் படமெடுக்க 1991 முதல் 2009 வரை தடை இருந்தது.

அரசின் அறிக்கையில் சில வரியாக இருந்தது படமாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இராக்கின் அபு கிரைப் சிறை உதாரணம். அங்கே கைதிகள் துன்புறுத்தப்பட்டது குறித்து விசாரணை தொடங்கியதை ராணுவமே 2004 ஜனவரி 16 அன்று சில வரி அறிக்கையாகக் கொடுத்தது. எடுத்துப் போட்டவர்கள் சிலரே, சிறிய செய்தியாக. ஏப்ரல் 28 அன்று சிபிஎஸ் புகைப்படங்களைக் காட்டியது, அதுவும் அமெரிக்கப் படைத்தளபதிகள் குழுவின் தலைவர் கேட்டுக்கொண்டதால் இரண்டு வாரம் தள்ளிப்போட்டபின். தகவல் அதேதான். அறிக்கையாக இருந்தபோது மூன்று மாதம் தூங்கிய செய்தி, படமானதும் ஒரே இரவில் உலகம் சுற்றியது.

டிவியில் நடுநிலையான ராணுவ ஆய்வாளர்களாக வந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற அதிகாரிகளில் 75க்கு மேற்பட்டவர்களுக்குப் பென்டகன் தனிக் கூட்டம் போட்டுப் பேசவேண்டியதை எடுத்துக்கொடுத்தது, அவர்களில் பலருக்கு ஆயுத ஒப்பந்தக் கம்பெனிகளோடு தொடர்பு இருந்தது என்பது வெளியே வர 2008 ஏப்ரல் ஆயிற்று. வெளிக்கொணர்ந்தது நியூயார்க் டைம்ஸ்.

அதே டைம்ஸ், தன் இராக் செய்திகள் வேண்டிய அளவு கறாராக இல்லை என்று 2004 மே 26 அன்று வாசகருக்கு ஒரு குறிப்பு எழுதியது. 1,700 சொல் கணக்கும், 13ஆம் பக்கமும், 10ஆம் பக்கத்தில் போட்டது முதல் பக்கத்துக்கு உரியது என்பதும் அந்தக் குறிப்பே ஒப்புக்கொண்டவை. குறிப்பு வெளியான இடம் 10ஆம் பக்கம்.

பேரழிவு ஆயுதக் கையிருப்பு எதுவும் இல்லை என்று அமெரிக்க அரசின் சொந்தத் தேடுதல் குழு 2004 அக்டோபரில் அறிக்கை கொடுத்துவிட்டது. 2006 ஜூனில் செனட்டர் ரிக் சான்டோரம், இராக்கில் சுமார் 500 ரசாயன ஷெல்கள் கிடைத்திருப்பதாகச் செய்தியாளர்களிடம் அறிவித்தார். 1991க்கு முந்தைய, வீரியம் போன பழைய சரக்கு. போருக்குக் காரணமாகச் சொன்னவை இவை அல்ல என்று அதிகாரிகளே விளக்கினார்கள். அடுத்த மாதம் ஹாரிஸ் நிறுவனம் கணிப்பு எடுத்தது. படையெடுப்பின்போது இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருந்தன என்று நம்பியவர்கள் முந்தைய ஆண்டில் 36 சதவீதம், இப்போது 50.